தூசிக்குக் கையெழுத்து

கானாடுகாத்தான் வீட்டுக்குப் பதினேழு பங்காளிகள்.
பதினாறு பேர் சரி என்றார்கள்.
ஈப்போவில் இருக்கும் வயிரவன் மட்டும்
வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக் கேட்டார்:
"எங்க மாடியிலேருந்து என்ன எடுத்துட்டுப் போறீங்க?"

தூசி என்றேன்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.
மறுநாள், "தூசிக்கு விலை இருக்கா?"

இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
விலையுள்ளது ஏதும் கிடைத்தால்
பதினேழாகப் பிரிப்பதென்று
அவரே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஓட்டுச் சரிவின் மழைநீர்
தகரத் தூம்பில் இறங்கும் இடத்தில்
இரண்டு வருஷச் சேறு.
புறா எச்சம், வேப்பம்பூக் காம்பு,
பாதி எரிந்த சரவெடித் தாள்.
மூன்று கிலோ நானூறு அள்ளினேன்.
சேவுகன் வாளி பிடித்தார்.
மேலே கூட்டித் தள்ளுவது
இருபத்திரண்டு வருஷமாய் அவர் வேலை.

கழுவி, சலித்து, வெயிலில் உலர்த்தி
பாலித்தீன் பைக்குள் காந்தத்தைப் போட்டு
மேலாக ஓட்டினால்
கறுப்பு மீசை முளைக்கும்.
மீசை முழுக்கப் பொய்.

ஆயிரம் உருண்டைக்குத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு
தெருமுனை அல்போன்ஸ் பட்டறையில்
கேட் பற்றவைக்கும்போது தெறித்தவை.
மிச்சத்திலும் பாதி தீபாவளி.
வானத்தில் உருகினாலென்ன,
வெல்டிங் கடையில் உருகினாலென்ன,
காற்றில் உறைந்தால் எல்லாம் உருண்டைதான்.
அல்போன்ஸிடமே ஒரு டப்பா கேட்டு வாங்கினேன்.
பொய்யை முதலில் படிக்கவேண்டும்.
"என் பொறியைக் கண்ணாடி வச்சுப் பாக்க
ஒரு ஆளா!" என்று சிரித்தார்.

லாட்ஜ் மேசையில் முப்பத்தொன்பது நாள்.
கண்ணை மூடினாலும் உருண்டைகள் ஓடின.

நாற்பதாம் நாள்
காரைக்குடி ஆய்வகத் திரையில் ஒன்று:
மூன்று தலைமுடி சேர்ந்த தடிமன்,
ஈர்கோலியால் சீவிவிட்டதுபோல்
வரிவரியாய் ஆலிவின்,
ஓரத்தில் ஒரு நிக்கல் மணி.
நானூற்று ஐம்பத்தாறு கோடி வருஷப் பழசு.
சுற்றிக்கொண்டிருந்ததன் குறுக்கே பூமி வந்தது.
சில நொடி கொதித்தது.
பிறகு ஓடு.

சேவுகனை வரச்சொல்லிக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்து,
"உளுந்து" என்றார்.
"வருஷத்துக்கு எத்தனை விழும்?"

சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு என்று
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.
அந்தக் கூரையின் நீளம் அகலம் தெரிந்தவர்.
விரல் மடக்கத் தொடங்கினார்.
இருபத்திரண்டு வருஷம்.
விளக்குமாறு, கூடை, பேரூராட்சி வண்டி.
நான் பத்தாயிரத்தில் நிறுத்திக்கொண்டேன்.
அவர் எதில் நிறுத்தினார் என்று கேட்கவில்லை.

"நாளைக்கும் கூட்டணும்ல" என்றார்.
"எலி செத்துக் கெடக்கு."

பங்காளிகள் குழுவில் எழுதினேன்:
ஒன்று கிடைத்தது. கால் மில்லிமீட்டர். விலை இல்லை.
பதினாறு கட்டைவிரல் வந்தது.
வயிரவன் தட்டச்சினார், நிறுத்தினார்,
மறுபடி தட்டச்சினார்.
"பத்திரம்" என்று ஒற்றைச் சொல்.
எந்தப் பத்திரத்தைச் சொல்கிறார் என்று
இன்னும் விளங்கவில்லை.

இரண்டாவது கிடைத்ததை
அங்கே எழுதவில்லை.
இடுக்கி நுனியில் அது ஒரு துள்ளு.
டார்ச் அடித்துக்கொண்டு
லாட்ஜ் அறைத் தரையில்
ராத்திரி இரண்டு மணிவரை முழங்காலிட்டிருந்தேன்.
விடிந்ததும் கதவு தட்டினார்கள்,
பினாயில் வாளியோடு.