முக்கால் சாண்

விடிகாலை நாலேகால்.
புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி வாசலில்
"ஐஸ் பெட்டி அக்கா வந்துட்டாங்க"
என்று உள்ளே குரல் போகிறது.

சினை என்று தெரிந்தால் தள்ளி நிறுத்திவிடுவார்கள்.
வயிறு காட்டிக்கொடுக்காததைக்
கத்திதான் கண்டுபிடிக்கும்.
அன்றைக்கு ஜிலானி பாயிடமிருந்து மிஸ்டுகால்.

இன்று ஒன்று.
குழாயடியில் கழுவி அளந்தேன்.
உச்சியிலிருந்து வாலடிவரை முக்கால் சாண்.
எழுபத்தைந்து நாள் இருக்கும்.
"கெடாவா, பொட்டையாம்மா?"
சொன்னேன்.
எதிர்ச் சந்து ஸ்கேன் சென்டரில்
இதே கேள்விக்கு ஜெயில் என்று
சிவப்பில் எழுதியிருக்கிறது.

மூலக்கடை சிக்னலில்
ஒழுகும் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்று
மாதவரம் வந்து சேர்ந்தபோது
ஐஸ் பாதி கரைந்திருந்தது.

தொப்புள் தமனியில் மை ஏற்றினேன்.
அவசரப்பட்டால் வெடித்துவிடும்.
ஒரு சொட்டு.
மூச்சு.
ஒரு சொட்டு.
பிறகு கம்பு மணியளவு சூலகத்தைச் சீவிக்
கண்ணாடியில் கிடத்தி
லென்ஸுக்குக் கீழே தள்ளினேன்.

சில வாரம் சிறுநீரகமாய் இருந்துவிட்டுக்
கரைந்துபோகிற உறுப்பு ஒன்று உண்டு.
அதன் பக்கமிருந்துதான் கிளம்பி வருகின்றன நாளங்கள்.
நடுவில் ஒரே நெரிசல், கறுப்பு.
விளிம்பை நோக்கி மெலிந்து மெலிந்து
கூட்டமாய் ஒட்டிக் கிடக்கும் முட்டைச் செல்களுக்குள்
சந்து வெட்டிக்கொண்டு போகின்றன.
கூடவே வரும் திசு
ஒவ்வொன்றையும் பிரித்துத் தனியே உட்காரவைக்கிறது.
உள்ளே இருப்பவைக்கு முதலில் வீடு.
ஓரத்தில் இருப்பவை
இன்னும் ஒன்றையொன்று பிடித்தபடி.
மை அங்கே எட்டவில்லை.

கொடுங்கையூரில் எங்கள் தெருவுக்கு
குழாய் பதித்து மூன்று வருடம் என்றேன்.
"அதையும் இதையும் முடிச்சுப் போடாத," என்றார்
டாக்டர் எமிலி சுகந்தி.
"நாளம் தானா வளரும்.
கார்ப்பரேஷன் வளராது."

ஒன்பது மணி.
இந்நேரம் தாய்
ஏதோ ஒரு கடைக் கொக்கியில்
முன்னந்தொடை, பின்னந்தொடை.
மகளுடைய மகள்களாகியிருக்கக்கூடியவை
ஆயிரக்கணக்கில்
என் வலது கண்ணுக்கு அடியில்.

எண்ணி முடிக்கிற நேரத்தில்
ஒரு நாளத்தைப் பார்த்தேன்.
மற்றவை நின்ற இடத்தைத் தாண்டி
அது மட்டும் தனியாக
ஏறக்குறைய விளிம்புவரை போயிருக்கிறது.
முனை மூடியிருக்கிறது.
நாளை வந்து தொடரலாம் என்று
மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் போனதுபோல்.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
மூன்று முறை கை கழுவினேன்.
நகக்கண்ணில் மட்டும் போகவில்லை.
டீக்கடைப் பையன் பார்த்துவிட்டு,
"இப்ப ஏதுக்கா எலெக்‌ஷன்?" என்றான்.