பின்பக்கம்

மெஷினின் இழுப்பறை
ஒரு கிழமையாய்த் திறக்க மறுத்தது.
தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன்,
கரண்டிக் காம்பால் நெம்பினேன்,
மறுகா ஒரு குத்து.
உள்ளே துருப்பிடித்த ஊசி மூன்று,
பற்பசை மூடி ஒன்று,
எட்டாய் மடித்த பழுப்புக் காகிதத்தில்
யாருக்கோ வெட்டிய சட்டையின் அளவு.

முன்பக்கம் இருந்தது.
இடக்கை இருந்தது.
நாய்க்காது போல அகலக் காலர் இருந்தது.
ஓரத்தில் பென்சிலால்
‘திரேசம்மா, 1973, இடுப்பு 26’.
பின்பக்கம் மட்டும் இல்லை.

திரேசம்மா,
உங்கள் இடுப்பை நான்
ஒன்பதாம் வகுப்பிலேயே கடந்துவிட்டேன்.

துணி மருதமுனையில் எடுத்தது.
ரிஸ்மியாவின் கடை மூலையில் கிடந்தது.
மயிற்கழுத்து நீலத்தின் நடுவே
மஞ்சள் இழை ஒன்று வழிதவறி வந்து
இரண்டு முழம் ஓடிவிட்டு
யாரோ கூப்பிட்டதுபோல் நின்றிருந்தது.
“பிழைபட்ட துணி, பாதி விலைக்கு எடுங்க” என்றாள்.
பிழைக்காகத்தான் கேட்டேன் என்று நான் சொல்லவில்லை.
சொன்னால் முழு விலையும் வாங்கியிருப்பாள்.

சனிக்கிழமை. கல்லடியில் புழுக்கம்.
நிலத்தில் பேப்பர் விரித்து
இல்லாத பின்பக்கத்தை வரைகிறேன்.
என் முதுகை நான் கண்டதில்லை.
கண்ணாடி முன் கிறுகிக் கிறுகிப் பார்த்தும்
தோள் தெரிகிறது, பிறகு கழுத்து வலிக்கிறது.
ஒரு சாண் கூட வைத்தேன், பயத்துக்கு.
வலக்கைக்கு
இடக்கைக் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டேன்.
மஞ்சள் இழை முதுகெலும்பு வழியே இறங்க வேண்டும்.
திட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

எனக்கும் ஒரு அவன் உண்டு,
கேக் வேகவைக்கிற அவன்.
கதவு ஒட்டாது.
கதிரையைச் சாய்த்து வைத்தால்
நாற்பது நிமிடம் வாய்மூடி இருப்பான்.
வீட்டில் தராசு இல்லாததால்
ரவையும் சீனியும்
மீன்கடைச் சூசை அண்ணன் நிறுத்துத் தந்தது.
ஏலம் கொஞ்சம் கூடப் போட்டதற்கு
அதுதான் காரணம்.

இருபத்தெட்டாம் நிமிடம் கரண்ட் போனது.
மெஷின் மட்டும் ஓடியது,
அது காலால் ஓடுவது.
கதிரையை எடுத்துப் பார்த்தால்
கேக்கின் நடுவில் ஒரு வாவி.
கரையெல்லாம் பொன்னிறம், நடு பள்ளம்.
என்ன செய்ய?
பள்ளத்தில் எருமைத் தயிர் நிரப்பி
மேலே பாணி ஊற்றினேன்.
கஜு எல்லாம் அடியில் போய்க் கிடந்தது.

மெழுகுதிரி கேட்டு வந்த டொறீன் அக்கா
நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டார்.
“ஓடர் எடுப்பீங்களோ கா?”
“இல்ல.”
“சட்டை?”
“அதுவும் இல்ல.”
“அப்ப என்னத்துக்கு இந்தப் பாடு?”
என் வாய் நிறையக் கேக் இருந்தது, நல்லவேளை.
அவர் மூன்றாம் துண்டை எடுத்தார்.
மெழுகுதிரியை மறந்து போனார்.

பொத்தான் ஏழும் ஏழு சாதி.
ஒன்று சிப்பி, ஒன்று மரம்,
ஒன்று குடையிலிருந்து கழன்றது.
எல்லாம் பின்பக்கம் பூட்டுவது.
நாலாவதை எப்படி எட்டுவதென்று
தைக்கும்போது நான் யோசிக்கவில்லை.

திங்கள் காலை தண்ணீர் பில் கட்ட
சைக்கிளில் பாலத்தில் ஏறினேன்.
காற்று காலரை இரண்டு பக்கமும் தூக்கியது.
பறக்கவில்லை. மிதித்தேன்.
பின்னால் வந்த பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன்
“அக்கா, நடுப்பொத்தான் திறந்து கிடக்கு!” என்று கத்திவிட்டு
வெட்கத்தில் என்னை முந்திப் போனான்.

இறங்கினேன்.
கையை மேலால் விட்டேன், கீழால் விட்டேன்.
பாலத்துக் கம்பியோரம் தூண்டில் போட்டிருந்தவள்
நரம்பைக் கால்விரலில் சுற்றிக்கொண்டு
கையைப் பாவாடையில் துடைத்து
வந்து பூட்டினாள்.
மீன் மணத்த விரல்
மஞ்சள் இழையில் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது.
“ஆர் தைச்சது?”
“முன்பக்கம் திரேசம்மா” என்றேன்.
“பின்பக்கம்தான் வடிவு” என்றாள்,
கால்விரல் இழுபட
நொண்டிக்கொண்டே ஓடினாள்.