இரண்டு சுற்று, ஓர் இழுப்பு

முகாமின் முதல் பாடம் புழுக்கை.
மான் புழுக்கை நாற்பது கிராம்,
முள்ளம்பன்றியினுடையது பன்னிரண்டு,
நிறம், ஈரம், மணம் என்று எழுதச் சொன்னார்கள்.
சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கப் போவதாய்
தங்கச்சியிடம் சொல்லிவிட்டு வந்திருந்த
பாளையங்கோட்டை எபனேசர்
"மணம்: சுமார்" என்று எழுதினான்.

இராமையன்பட்டியில் கத்திரி வெயில்.
தகரக் கூரை மதியமெல்லாம் நெட்டி முறிக்கும்.
பன்னிரண்டு பேருக்கும் பச்சை மேலங்கி,
முழங்காலுக்குக் கீழே தொங்கியது.
இரண்டாம் நாள் வாழைப்பழத்துக்கு ஊசி போட்டோம்.
மூன்றாம் நாள் குழாயில் மூச்சைத் திரட்டி
அட்டைச் சிறுத்தையின் பின்தொடைக்கு ஊதினோம்.
என் மயக்க ஊசி வேப்பமரத்தில் தைத்தது.
"யாரும் சத்தங்காட்டாதிய,
மரம் ஒறங்குது" என்றான் இசக்கிராஜ்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
தந்தையின் தொழில்.
வியாபாரம் என்று எழுதியிருந்தேன்.
மேலப்பாளையத்தில் வியாபாரம் என்றால்
ஜவுளியாக இருக்கலாம், பீடியாக இருக்கலாம்.
கோழி என்று யார் கண்டார்கள்?

நான்காம் நாள்
கூந்தன்குளத்திலிருந்து ஓர் அட்டைப்பெட்டி.
கருவேலமரக் கூட்டிலிருந்து விழுந்த நாரைக்குஞ்சு.
பேருக்குத்தான் குஞ்சு, நின்றால் என் இடுப்புக்கு வரும்.
தொடையைத் தூண்டில் நரம்பு அறுத்திருந்தது.
ரத்தம் எடுக்கணும், யார் பிடிப்பீங்க?
எபனேசர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான்.
உலகு தண்ணீர் குடிக்கப் போனாள்.
என் கைகள் எனக்கு முன்னால் போய்விட்டன.
சிறகிரண்டையும் சேர்த்து அணைத்து,
அலகுக்குப் பின்னே தலையை அடக்கி,
அக்குள் இறகை ஊதி ஒதுக்கினால்
அதோ, நீல நரம்பு,
கோழிக்கு இருக்கும் அதே இடத்தில்.

"எங்கம்மா பழகின?" என்றார் டாக்டர் கிளாடிஸ்.
"வீட்ல கோழி வளக்கோம் மேடம்."
பொய்யில்லை. வளர்க்கத்தான் செய்கிறோம்.
ஒரு நாள். சமயத்தில் அரை நாள்.

தையலில் ஏழு முடிச்சு.
முதலில் இரண்டு சுற்று, ஓர் இழுப்பு,
பிறகு எதிர்ப்பக்கம் ஒன்று.
ஐந்தை மேடம் போட்டுவிட்டு
ஆறாவதுக்கு "மைமூன், வா" என்றார்.
கை நடுங்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
ஏழாவதை எபனேசர் கண்ணை மூடிக்கொண்டு போட்டான்.
மேடம் அவிழ்த்துத் திரும்பப் போட்டார்.

சாயங்காலம் ஆந்தைக்கும் முதலைக்கும் தீனி.
நீல வாளியில் கறுப்புப் பைகள்.
"எந்தப் பாவி இப்படி முடிச்சுப் போட்டான்?"
இசக்கிராஜ் நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தான்.
எட்டிப் பார்த்தேன்.
இரண்டு சுற்று, ஓர் இழுப்பு,
எதிர்ப்பக்கம் ஒன்று.
நோன்புக் காலத்தில் எங்கள் குளிர்பெட்டி முழுக்க
இந்த முடிச்சுதான்.
பால்பல் காலத்திலிருந்து கடித்து அவிழ்த்திருக்கிறேன்.
வாங்கி, பிரித்துக் கொடுத்தேன்.
வாயைத் திறக்கவில்லை.
ஆந்தை கழுத்துத் துண்டை ஒரே வாயில் விழுங்கி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி நாள்,
சான்றிதழ் வாங்கப் பெற்றோர் வரலாம் என்றார்கள்.
"என்ன பாய், இன்னைக்கு லோடு இல்லையே?"
வாட்ச்மேன் கேட்டது பந்தல் வரை கேட்டது.
வாப்பா பெருநாள் சட்டையில் வந்திருந்தார்.
காது மடலில் மட்டும் ஒரு துளி சோப்பு நுரை.
என் பக்கத்தில் வந்து, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு,
"தெரியாத மாரி அந்தப் பக்கம் போய் நிக்கட்டுமாம்மா?"

படிவம் நிரப்பிய அன்றே
அவர் படித்திருக்கிறார்.

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்,
எல்லார் நடுவிலும்,
நாரைக் கூண்டு வரை.
வாப்பா குந்தவைத்து உட்கார்ந்தார்.
தையலை எண்ணினார்.
கம்பிக்குள் விரல் விட்டு
ஆறாவதைத் தொடப் போனார்.

நாரை போட்டது ஒரு கொத்து.
மேலப்பாளையத்தில் இருபது வருசமாகக் கோழிக்கடை வைத்திருப்பவர்
அலறிய அலறலில்
அட்டைச் சிறுத்தை
சுவரிலிருந்து விழுந்தது.