கழிவு நீக்கி நிறை

நன்கொடைப் பெட்டியில் வந்த புத்தகத்தில்
ஒரு கரடிக்குட்டி
வெள்ளைக் கோப்பையில் உட்கார்ந்திருந்தது.
பக்கத்தில் குளிக்கும் தொட்டி, பூப்போட்ட திரை,
சுவரில் சுருட்டி மாட்டிய கடதாசி.
"கரடி சோத்துக்கோப்பையில குந்திருச்சு"
என்றான் லிதுர்ஷன். இரண்டரை வயசு.
மடுவமே சிரித்தது.
சோறு போடுவதற்கும் அதற்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.
நான் என்ன சமாதானம் சொல்ல?

அன்றிரவு போன வருசக் கலண்டரைக் கழற்றினேன்.
பன்னிரண்டு தாள், பின்பக்கம் வெள்ளை.
கோதுமை மாவு காய்ச்சிப் பசை.
எனக்கு வரைய வராது,
நாய் போட்டால் ஆடு வரும்.
வரட்டும் என்று ஆறாம் நம்பர் லயத்தைப் போட்டேன்,
தகரத்தின் மேல் மழையைப் போட்டேன்,
பொகவந்தலாவைச் சந்தையில்
என் காசில் வாங்கிய சிவப்புச் சட்டியை,
கைபிடி சகிதம்,
பார்த்துப் பார்த்துப் போட்டேன்.
அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை.
அப்புறம் அதே பிள்ளை குந்தியபடி.
அதற்கடுத்த பக்கத்துக்கு
மண்ணிற கிரேயோன் இல்லை,
தேயிலைச் சாயத்தைத் தொட்டுப் பூசினேன்.

அந்தப் பக்கத்துக்குத்தான் அடிபிடி.
விரலால் தேய்த்துத் தேய்த்துத்
தாளே நைந்து போயிற்று.
கிருஷாந்தினி இரண்டே நாளில் பழகிவிட்டாள்.
லிதுர்ஷன் மட்டும் படத்தைத் தடவுவான்,
சட்டியைக் கண்டால் தூணைக் கட்டிக்கொள்வான்.

அவன் அம்மா சிவலோஜினி சொன்னாள்,
கொழுந்துக் கறை விரலால் அவன் மூக்கைத் துடைத்தபடி:
"லயக் கடைசிக் கக்கூசுல, மிஸ்,
ராத்திரி, போன் வெளிச்சத்துல,
இவன் செருப்பு ஓட்டைக்குள்ள விழுந்துருச்சு.
ஒத்தைச் செருப்பு.
அதுலருந்து இப்புடித்தான்."

புத்தகத்தைப் பிரித்து ஒரு தாள் கூட்டினேன்.
சட்டிக்குள் ஒரு நீலச் செருப்பு.
கீழே எழுதினேன்: அடி இருக்கு. எடுக்கலாம்.
அவன் தன் செருப்பைக் கழற்றிச்
சட்டிக்குள் போட்டான். எட்டிப் பார்த்தான்.
இருந்தது.
எடுத்தான், போட்டான், எடுத்தான்.
மூன்று நாள் இதே வேலை.
திரிபோஷாவும் குடிக்காமல்.

புதன்கிழமை, கொட்டும் மழை.
மூலையில் சத்தமில்லை.
சத்தமில்லாத பிள்ளையை நம்பக்கூடாது,
எழுந்து போய்ப் பார்த்தேன்.
சிவப்புச் சட்டியில் குந்தியிருந்தான்,
புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்து
உரக்க வாசித்துக்கொண்டு:
"மழை. ஆடு. குந்து. குந்து."

எழுந்தவன் என்னைப் பார்க்கவில்லை.
சட்டியை இரண்டு கையால் தூக்கி
நேரே போனது தராசுக்கு.
மிட்வைஃப் மாதம் ஒருமுறை
பிள்ளைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு.
"மிஸ், நிறுங்க."

பின்னேரம் தோறும் பார்க்கிறான் அல்லவா.
அம்மா மூட்டையை இறக்குவதை,
கொக்கியில் மாட்டுவதை,
முள் எங்கே நிற்குமென்று
அண்ணாந்து பார்ப்பதை.

மாட்டினேன். வேறென்ன செய்ய?
முள் மெல்ல அசைந்து நின்றது.
"நானூறு கிராம்" என்றேன்
கணக்கப்பிள்ளைக் குரலில்.
தலையாட்டினான்,
நியாயமான நிறைதான் என்பது போல.

நாலரைக்குச் சிவலோஜினி வந்தாள்,
இடுப்பில் கட்டிய படங்கு சொட்டச் சொட்ட.
இருபத்தொரு கிலோவில்
ஈரத்துக்கும் சாக்குக்குமாய் மூன்று போயிற்றாம்.
மகன் கதையைச் சொன்னேன்.
சுவரில் சாய்ந்து சிரித்தாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"கழிவு எவ்வளவு போட்டீங்க மிஸ்,
சட்டிக்கு?"

"ஒரு கிராமும் கழிக்கல."

"அப்ப இவன் பேராச்சும் முழுப்பேரு" என்று
அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை
கால்சட்டையிலேயே போய்விட்டான்.
நின்று என்னைப் பார்த்தான்,
புத்தகத்தைப் பார்த்தான்.
இதற்கு அதில் பக்கமில்லை.
டிசம்பர் தாள் மிச்சமிருக்கிறது.
இன்றிரவு போட வேண்டும்:
நனைந்த கால்சட்டை ஒன்று,
கொடியில்,
வெயிலுக்குக் காத்துக்கொண்டு.