நூற்று ஐம்பத்து மூன்று

ஞாயிறு பூசையில் அந்த வாசகம் வந்தது.
வலை கிழியவில்லை என்ற இடத்தில்
கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது.
நான் மட்டும் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டேன்.
நூற்று ஐம்பத்து மூன்று.

யார் எண்ணியது?

செத்துப் பிழைத்தவர் கரையில் நிற்கிறார்.
கரி கனன்றுகொண்டிருக்கிறது.
கடலில் குதித்து நீந்தி வந்தவர்
ஈரத்துணியோடு நடுங்குகிறார்.
அந்த நேரத்தில் ஒருவர் குனிந்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று
மீனைப் புரட்டிப் புரட்டிப் போட்டிருக்கிறார்.

பாதர் அந்த எண்ணுக்கு மூன்று விளக்கம் சொன்னார்.
எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.
தங்கச்சிமடம் வடகரையில்
பதினோரு வருஷமாகப் பங்குக் கணக்கு எழுதுகிறேன்.
எண்ணாமல் பிரிக்க முடியாது, பாதர்.
அவ்வளவுதான் விளக்கம்.

படகில் ஏழு பேர்.
ஆளுக்கு இருபத்தொன்று, மிச்சம் ஆறு.
அந்த ஆறு யார் வீட்டுக்குப் போனது என்று
வாசகத்தில் இல்லை.
பூசை முடியும்வரை அதே யோசனை.
நற்கருணை வாங்கும்போதும்
கை நீட்டினேன், மனசு வகுத்துக்கொண்டிருந்தது.
மன்னியும் ஆண்டவரே.

செவ்வாய் விடியலில் மீன் வந்தது.

நாற்பது நாளாகக் காரல்கூடக் கிடைக்காத கடல்.
ஐஸ் கடன், டீசல் கடன்,
அடகுக்கடையில் என் ஒற்றைச் சங்கிலி.
சந்தியாகு வள்ளம் தாழ்ந்து வருவதைப் பார்த்து
முதலில் தண்ணீர் ஏறிவிட்டதென்றுதான் பயந்தேன்.
தண்ணீர் இல்லை. பாறை.
கை நீளப் பாறை, வெள்ளித்தட்டு அடுக்கியதுபோல.
பின்னாலேயே ரொசாரியோ வள்ளம், அதிலும் பாறை.
அதன் பின்னால் மரைக்காயர் வள்ளம், அதிலும்.

ஏழு மணிக்கு விலை பாதியானது.
எட்டு மணிக்குப் பாதியில் பாதி.
ஏலக்காரர் வாய் வலிக்கிறதென்று டீ குடிக்கப் போனார்.

கோபம் வந்தது எனக்கு.
தந்தால் இப்படியா தருவீர்,
எல்லாருக்கும், ஒரே நாளில்?
கேட்ட வாய் மூடுமுன்னே சிரிப்பும் வந்துவிட்டது.
எல்லாருக்கும், ஒரே நாளில்.
அவருக்கு வேறெப்படித் தரத் தெரியும்?
அவருக்கு ஏலம் தெரியாது.

கணக்கு இது:
மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றேழு.
விற்றது நூற்று அறுபது.
கறிக்கு நிறுத்தியது முப்பத்தேழு.

போனவர்கள் ஆறு பேர்.
ஆறால் வகுத்தால் ஆளுக்கு ஆறு, மிச்சம் ஒன்று.
எழுதியும்விட்டேன்.
அப்போது மேட்டில் பிலோமி வந்து நின்றாள்,
வயர்கூடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.
அவள் புருஷன் இன்னாசி
யாழ்ப்பாணத்துச் சிறையில், எட்டாவது மாதம்.
அவள் கேட்கவில்லை.
வள்ளத்தில் இருந்தவர்களும் எதுவும் சொல்லவில்லை.
சந்தியாகு மட்டும்
என் நோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்,
வலையை உதறப் போய்விட்டான்.

எழுதியதை அடித்தேன்.
ஏழால் வகுத்தேன்.

ஆளுக்கு ஐந்து. மிச்சம் இரண்டு.

ஒரு நிமிஷம் பேனாவை எடுக்கவில்லை.
ஒரு பங்கு கூட்டினால் மிச்சம் குறையும் என்றுதான்
எந்தக் கணக்குப்பிள்ளையும் நினைப்பான்.
ஒன்றாயிருந்தது இரண்டாகிவிட்டது.
ஐந்து, இரண்டு.
இந்த எண்கள் இரண்டையும்
சின்ன வயசிலிருந்தே கேட்டு வருகிறேன்.
கேட்டும் கூட்டிப் பார்த்ததில்லை.

பிலோமி ஐந்தை வாங்கிக்கொண்டாள்.
நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால்
எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.
அவள் மகன் ஒரு மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு
அப்பாவுக்கா இது என்று கேட்டது
மேடு ஏறும்வரை காதில் விழுந்தது.

மிச்சம் இரண்டையும்
தேங்காய் மட்டைத் தீயில் போட்டார்கள்.
உப்பு மட்டும். மிளகாய்கூட இல்லை.
கணக்குக்காரி, வா என்றார்கள்.
கையெல்லாம் செதில், கழுவவில்லை,
போய்ப் புகைக்குள் உட்கார்ந்தேன்.

நோட்டில் இன்னாசி பெயருக்கு நேரே
பங்கு ஒன்று.
டீசல் பாக்கி அப்படியே இருக்கிறது.
அடியில் கோடு போட்டேன், கொஞ்சம் கோணலாக.
எனக்குத் தெரிந்த தோத்திரம் அதுதான்.