கன்னத்தில் இருந்தது

வூச் நகரத்துப் பழைய நூற்பாலை இப்போது மியூசியம்.
மூன்றாம் மாடி, ஏழாம் அறை.
நாற்காலி என்னுடையது.
எதிர்ச்சுவர் முழுக்க ஹால்ஷ்கா வோரோன்.

இரண்டு ஆள் உயரம். எல்லாம் கம்பளி.
உள்ளங்கை அளவுப் புகைப்படத்தைப் பார்த்து
பதினான்கு மாதம் நெய்தாளாம் கிங்கா சாத்லிக்.

சினிமாவில் அது ஜூலை.
எடுத்த இடத்தில் பிப்ரவரி.
பூப்போட்ட கவுன், வெறும் தோள்,
கீழே யாருடையதோ முரட்டு பூட்ஸ்.
முதுகில், தொளதொளத்த துணியை இழுத்துப் பிடிக்க
கொடியிலிருந்து எடுத்த கிளிப்புகள், ஆறு.
கேமரா வராத பக்கம் என்பதால்
அவற்றுக்கு வெட்கமே இல்லை.

தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள்.
இடது கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது.

பக்கத்துப் பலகை சொல்கிறது:
வாயிலிருந்து ஆவி வந்தால் கோடை பொய்த்துவிடும்,
ஆகவே பனிக்கட்டியை அதக்கியிருக்கிறாள் நடிகை.
நான்கு வருடம் நம்பினேன்.
யாரும் கேட்காமலே எடுத்துச் சொன்னேன்.
பார்த்தீர்களா, அந்த இடத்தில் மட்டும் வெள்ளை நூல்,
மொத்தச் சுவரிலும் அவ்வளவுதான் வெள்ளை.

போன செவ்வாய், மழை.
குடையை வெளியே வைக்க மாட்டேன் என்று
கீழே சண்டை போட்டுவிட்டு ஏறி வந்தார்
கெனோவெஃபா என்ற அம்மாள்.
விரலை நீட்டி எண்ணினார்.
"ஏழு மாட்டினேன்.
சிரித்திருப்பாள், ஒன்று தெறித்திருக்கும்."

பிறகு பலகையைப் படித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இன்னொரு தடவை.

"பனிக்கட்டியா?
என் ரொட்டி அது. பன்றிக்கொழுப்பு, வெங்காயம்.
கிளிப்பு மாட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது,
பிடித்துக்கொள் என்று இவளிடம் கொடுத்தேன்.
வாங்கும்போது பாதிதான் இருந்தது."

அறுபது வருடத்துக் கடன்காரியைப்
பார்ப்பதுபோல் பார்த்தார்.
"கேட்டேன். வாயைத் திறக்கவில்லை.
எப்படித் திறப்பாள்?"

மேலே சொல்லிப் பலகையை மாற்றச் சொல்லட்டுமா என்றேன்.
யோசித்தார்.
"வேண்டாம். பனிக்கட்டி அவளுக்கு எடுப்பாக இருக்கிறது."
படியில் இறங்கும்போது ஈரக் குடை
ஒவ்வொரு படியிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனது.

அன்று மாலை பூட்டும் முன்
விதியை மீறினேன், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்க.
நெய்த துணியின் ஓரத்தைத் தூக்கி
டார்ச் அடித்தேன்.
முகத்தின் பின்பக்கம் முகம் இல்லை.
முடிச்சுகள், தொங்கும் நுனிகள்,
கன்னம் இருக்க வேண்டிய இடத்தில்
வெள்ளை நூல் அவிழாதபடி
அவசரமாகப் போட்ட கட்டு ஒன்று.
வெங்காய வாசனை வரும் என்று நினைத்தேனோ என்னவோ,
மூக்கை வைத்துப் பார்த்தேன். ஆடு வாசனை.

இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
வழக்கம்போல் ஆரம்பித்தேன்:
ஓடக் கூடாது, தொடக் கூடாது,
இந்த அறைக்குள் எதுவும் தின்னக் கூடாது.

ஒரு பெண் சுவரைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"அவங்க மட்டும்?"