இடமரை

ஸ்டோர்னோவே பணிமனையில் சோதனைக்காரன்
ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரே ஒரு குத்துத்தான் குத்தினான்.
டை ராடு அப்பளமாய் நொறுங்கி அவன் சட்டைக் கையில் கொட்டியது.
"மர்டீனா, பெயின்ட்தான் இதுவரைக்கும்
உன் வண்டியை இழுத்துப் பிடித்திருக்கிறது" என்றான்.
இருபத்தாறு வருஷம் அட்லாண்டிக் உப்பு
உட்கார்ந்து தின்ற மிச்சம்.
மறுசோதனை திங்கட்கிழமை, காலை எட்டரை.

சனி சாயங்காலம் ஜாக்கி ஏற்றி,
சால்மன் பண்ணை அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து,
லேண்ட் ரோவருக்கு அடியில் மல்லாந்தேன்.
கண்ணில் துரு, பல்லிடுக்கில் துரு.
கோட்டர் பின் நறுக்கென்று ஒடிந்து
பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

பார்த்தால் வெறும் குழாய்.
சதுப்பில் முட்டளவு சேற்றில் ஆடு தேடிப் போகும்போது
இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் பார்ப்பது
அதன் தயவால்.

கழற்றுவதற்கு முன்
இந்தக் குமிழிலிருந்து அந்தக் குமிழுக்கு
மீன்வலைக் கயிற்றால் அளந்து
இரண்டு முடிச்சுப் போட்டு வைத்தேன்.
பிறகு அடித்தேன்.
அடித்தேன்.
அடித்தது எனக்கு வலித்தது, அதற்கு வலிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஈவர் வந்தான்.
வேலியை இரண்டடி தள்ளி நட்டுவிட்டேனாம்:
ஏழு வருஷமாய் எங்களுக்குள் பேச்சில்லை.
தோளில் கேஸ் சிலிண்டர்.
என்னைப் பார்க்காமல் வண்டியிடம் சொன்னான்:
"சூடு காட்டாமல் வராது."

நீலச் சுவாலையில் நட்டு பழுக்கக் காய்ந்தது.
பின்னால் சம்மட்டியை நான் முட்டுக்கொடுக்க
முன்னால் சுத்தியலால் அவன் போட்டான்.
மூன்றாவது அடியில் 'டப்'பென்று விட்டது.
கீழே விழுந்த குழாய் இரண்டாய்ப் பிளந்துகொண்டது,
அளவையும் கொண்டுபோய்விட்டது.
கயிற்றை நீட்டினேன்.
முடிச்சுகளைத் தடவிப் பார்த்து "ம்" என்றான்.

புதுக் குழாயில் வலது முனை சமர்த்தாய் ஏறியது.
இடது முனை ஏறவே மாட்டேன் என்றது.
பல்லைக் கடித்துத் திருகினான். எண்ணெய் விட்டான். மறுபடி திருகினான்.
கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன், பொய் சொல்வானேன்.
பிறகு சொன்னேன்: "அது இடமரை."
ஏழு வருஷத்தில் அவனுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை.
எதிர்ப்பக்கம் திருகினான். வெண்ணெயாய்ப் போனது.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கையில்
ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தான்.
ஞாயிறு பிறக்கப் போகிறது.
இந்தத் தீவில் ஓய்வுநாளில்
துணி உலர்த்தினாலே ஊர் பேசும்.
ஒரு முனை மாட்டியது, மறுமுனை தொங்கியது.
ஒரு சக்கரம் கடலைப் பார்க்க, மற்றது கோயிலைப் பார்க்க,
மாறுகண் வண்டியை மழையில் விட்டுப் பிரிந்தோம்.

காலையில் அவன்தான் சங்கீதத்தின் அடியை
முதலில் எடுத்துக் கொடுக்கிறவன்.
நாங்கள் பின்னாலேயே இழுத்து இழுத்து
ஆளுக்கொரு வளைவில் போய், எங்கோ சேர்ந்துகொண்டோம்.
புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கணுவில் தோல் இல்லை.
நகக்கண்ணில் கிரீஸ்.
பக்கத்தில் இருந்த டோலினா
அவன் நகத்தையும் என் நகத்தையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
பார்க்கட்டும்.

இரவு பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம்.
முற்றத்தில் தலைவிளக்கு வெளிச்சம் ஆடியது.
குழாயை ஒரு பக்கம் திருகினால்
இரண்டு முனையும் நெருங்கி வரும்,
மறுபக்கம் திருகினால் இரண்டும் விலகிப் போகும்.
ஒன்றுக்கு மட்டும் என்று அதில் கிடையாது.
கால் சுற்று, அரைக்கால் சுற்று.
டேப்பின் ஒரு நுனி அவனிடம், மறுநுனி என்னிடம்.

"பின்னால் எவ்வளவு?"
சொன்னேன்.
"முன்னால் ஒன்றரை மில்லி கூட."
"இருக்கட்டும், இந்த வண்டிக்கு அப்படித்தான்."
"தெரியும்."

கிளாம்பை இறுக்கி, புது கோட்டர் பின்னை வளைத்துவிட்டு
எழுந்தவன், பிளந்த பழைய ராடில்
கொஞ்சம் நல்லதாய் இருந்த பாதியை எடுத்துக்கொண்டான்.
"வேலிக் கம்பம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. முட்டுக்கு ஆகும்."

எந்தப் பக்கமாய் நிமிர்த்துவான் என்று
அவன் சொல்லவில்லை.
எட்டரைக்குப் போகவேண்டும்,
நானும் கேட்கவில்லை.